எந்த லெவல் என்று சொல்லாத ஆண்கள்

என் மகன் நீர்மூழ்கிக் கப்பலில் வேலை செய்கிறான் என்பது எனக்கு ஒரு தூக்குவாளிக் கஞ்சியால் தெரிந்தது. அதற்கு முன்பே ஊரிகத்தில் எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைனில் இருந்த அத்தனை வீட்டுக்கும் அது தெரியும். சர்ச் சபையில் தெரியும். நான் பாடம் நடத்திய ஆரம்பப் பள்ளியின் தலைமையாசிரியைக்குத் தெரியும். பெற்றவளுக்கு மட்டும் தெரியாது. இதை எழுத உட்காரும்போது இன்னும் எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும். ஆறிய பிறகு எழுதினால் யாரையாவது மன்னித்துத் தொலைப்பேன்.

என் வீட்டுக்காரருக்குத் தங்கச் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டு வேலை. நான் கல்யாணமாகி வந்த முதல் வருஷமே அந்த சைரனைக் கேட்டுவிட்டேன். பூமிக்கடியில் பாறை வெடித்துச் சரிவதை எங்கள் ஊரில் ஏர்பிளாஸ்ட் என்பார்கள். தரை ஒரு உலுக்கு உலுக்கும், அலமாரியில் டம்ளர்கள் உருளும், பிறகு சைரன் ஊதும். சைரன் ஊதினால், ஷிஃப்டில் ஆள் இருக்கிற வீட்டுப் பெண் முதலில் அடுப்பை அணைக்க வேண்டும். ஆள் சுரங்கத்து லிஃப்டான கேஜில் ஏறி மேலே வந்து முகத்தைக் காட்டும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. ஷிஃப்டில் ஆள் இல்லாத வீட்டுக்காரர்கள் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று யாரையும் கேட்க முடியாது. விறகடுப்பு இருந்த காலத்தில் தண்ணீர் தெளித்து அணைத்தோம், கேஸ் வந்த பிறகு குமிழைத் திருப்பினோம்.

ஆண்கள் தங்கள் பங்குக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். எந்த லெவலில், அதாவது எவ்வளவு ஆழத்தில், வேலை என்று வீட்டில் சொல்லக் கூடாது. விபத்து என்றால் முதலில் லெவல் நம்பர்தான் வெளியே வரும், பெயர்கள் பிறகுதான் வரும். லெவல் தெரிந்த பெண் பெயர் வருவதற்குள் மயங்கி விழுந்துவிடுவாள் என்று இவர்களுக்கு அக்கறை. இந்த அக்கறையை, கேஜ் இறங்கி ஏறும் ஷாஃப்ட் வாசலில் நின்று அனுபவித்தவள் நான். எந்த லெவல் என்று தெரியாததால் எல்லா லெவலுக்கும் சேர்த்து அழுதோம். மேலே வந்த பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து, "இன்னாத்துக்கு இப்படி பயப்படறீங்க, நான் அந்தப் பக்கமே போவல" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பெயர் தைரியமாம்.

அதனால்தான் மகன் பிறந்தபோதே தீர்மானம் செய்தேன், இவன் பூமிக்குக் கீழே இறங்க மாட்டான் என்று. அவன் கடற்படையில் சேர்ந்தபோது இந்த லைனில் என்னைவிட நிமிர்ந்து நடந்த பெண் கிடையாது. கடலுக்கு மூடி இல்லை, கூரை இல்லை, மேலே ஆகாயம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். வகுப்பில் போக்குவரத்துப் பாடம் வரும்போது போர்டில் ஒரு கப்பல் வரைவேன். கொடி, புகைபோக்கி, மேல்தட்டில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு சின்ன ஆள். "இதான் என் பையன், ராத்திரியில நட்சத்திரத்தைப் பாத்துக்கிட்டே வேலை செய்வான்" என்பேன். தலைமையாசிரியை ஒருமுறை வகுப்பு வாசலில் நின்று அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனாள். என் ஓவியத்தை ரசித்தாள் என்று நினைத்துக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட முட்டாள் நான்.

லீவில் வந்தபோதாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். துணியெல்லாம் டீசல் நாற்றம், எத்தனை முறை துவைத்தாலும் போகாது. ஆள் வெளுத்திருந்தான். மேல்தட்டில் வெயிலில் நிற்கிறவன் கறுத்துத்தானே போவான்? வெயில் படாமல் வேலை செய்கிறவனின் வெளுப்பு எப்படி இருக்கும் என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை, அதோடுதான் குடும்பம் நடத்தினேன். அரை பக்கெட் தண்ணீரில் குளித்துவிட்டு வருவான். தண்ணீர்ப் பஞ்சத்தில் வளர்ந்த பிள்ளை, எங்கே போனாலும் புத்தி மாறவில்லை என்று பக்கத்து வீட்டில் பெருமையடித்தேன். அவர்கள் தலையை ஆட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

இப்போது கஞ்சிக்கு வருகிறேன். சுரங்கத்தையே மூடப்போகிறார்கள் என்ற பேச்சு ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த ஆகஸ்ட் மாதம். எங்கள் வீட்டு டிவியில் நாலு நாளாகப் படம் வரவில்லை. கேபிள்காரன் கட் பண்ணிவிட்டான், சொல்லியிருக்கிறேன், வருவான் என்றார் வீட்டுக்காரர். மகனிடமிருந்தும் போன் இல்லை. கரையில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்துக்கு ரயில்வே கேட் பக்கத்து எஸ்டிடி பூத்துக்குக் கூப்பிடுவான். பல ஞாயிறுகளாக நான் பூத்தில் நின்றுவிட்டு வெறுமனே திரும்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து அடுப்பில் டீத்தண்ணி வைத்திருக்கிறேன், எதிர் வீட்டுக்காரி தூக்குவாளியோடு உள்ளே வந்தாள். நேராக அடுப்பைப் பார்த்தாள். அது எரிந்துகொண்டிருந்ததில் அவளுக்குப் பெரிய அதிர்ச்சி.

"இன்னா டீச்சர், அடுப்பு எரியுது?"

"டீ போடறேன். எரியாம?"

"கஞ்சி கொண்டாந்தேன். ரெண்டு வாய் குடிங்க."

"எதுக்குக் கஞ்சி?"

அவள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "டிவில காட்டிகினே கீறானே டீச்சர். கப்பலு கடலுக்கு அடில மாட்டிகிச்சாம். உள்ள கீறவங்க தட்டறாங்களாம்."

"எந்தக் கப்பல்?"

"அதான், தண்ணிக்கு உள்ளாறயே போவுமே. உங்க பையன் போற மாதிரி கப்பலு."

அடுப்பில் தண்ணீர் பொங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. என் முகத்தைப் பார்த்து, என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. உடனே மழுப்ப ஆரம்பித்தாள். அது ஏதோ பனிக்கடலாம், வேறு தேசத்துக் கப்பலாம், நம் பிள்ளைகள் யாரும் அதில் இல்லையாம்.

"அப்ப எதுக்குங்க கஞ்சி கொண்டாந்தீங்க?"

"எந்த ஷாஃப்டுல ஆனா இன்னா டீச்சர். சைரன்னா எல்லா வூட்டுக்கும்தானே" என்றாள்.

அதற்குள் வாசலில் இன்னும் மூன்று தூக்குவாளிகள் வந்துவிட்டன. ஐயர் வந்தார், எங்கள் சபை போதகர். நாற்காலியில் உட்கார்ந்து, ஆழத்தில் இருக்கிற பிள்ளைக்காக ஜெபித்தார். ஜெபத்திலேயே எனக்கு எல்லாத் தகவலும் கிடைத்தது. மகன் எப்போது தானாக முன்வந்து நீர்மூழ்கிப் பிரிவுக்குப் பெயர் கொடுத்தான், எத்தனை மாதம் பயிற்சி எடுத்தான், எல்லாவற்றையும் ஆண்டவருக்கு நினைவுபடுத்தினார். ஆண்டவருக்கே இரண்டாம் முறை சொல்கிறார்கள், எனக்கு ஒரு முறை சொல்ல ஆள் இல்லை. பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார்கள். உயிரோடு இருக்கிற என் பிள்ளைக்கு எழவு வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஒரு வாய் குடி, ஒரு வாய் குடி என்றார்கள். குடித்தேன். உப்பு இல்லை.

வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்தார். வாசலில் செருப்புக் கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. எல்லாரும் கலையும்வரை பைப்படியிலேயே நின்று கையைக் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே வந்ததும் டிவிக்குப் பின்னால் கையை விட்டு, கழற்றி வைத்திருந்த கேபிள் ஒயரை எடுத்து மாட்டினார். படம் வந்தது.

"கேபிள்காரன் வந்துட்டானா?" என்றேன்.

"நீ பயப்படுவன்னுதான்."

"எத்தினி நாளா தெரியும் உங்களுக்கு?"

"அந்தக் கப்பல்ல சேந்தப்பவே சொன்னான்." ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, "எந்த லெவல்னு வூட்ல சொல்லக் கூடாது. உனக்குத் தெரியாததா" என்றார்.

சுரங்கத்துச் சட்டத்தைக் கடலுக்கு நீட்டியிருக்கிறார் மனுஷன். லைனில் இருக்கிற அத்தனை ஆணுக்கும் சொல்லி, அவர்கள் பெண்டாட்டிகளுக்குச் சொல்லி, அந்தப் பெண்டாட்டிகள் என்னிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு, நான் கப்பல் படம் வரைந்த கதையைக் கேட்டுத் தலையை ஆட்டியிருக்கிறார்கள். ஊரே சேர்ந்து ஒருத்தியை முட்டாளாக வைத்திருந்து அதற்குப் பாதுகாப்பு என்று பெயரும் வைத்திருக்கிறது. அன்றிலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்தினேன். சோற்றைத் தட்டில் போட்டு நகர்த்திவிடுவேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் மகன் எங்கே இருக்கிறான் என்று அவன் வாயால் அவன் என்னிடம் சொல்ல வேண்டும். ஐயர் சொல்லி, எதிர் வீட்டுக்காரி சொல்லித் தெரிந்துகொள்ள நான் அவனைப் பெறவில்லை.

ஆனால் அவனிடமிருந்து போன் வரவில்லை. டிவியில் அந்த வேற்று தேசத்துத் தாய்மார்கள் ஒரு மண்டபத்தில் நின்று அதிகாரிகளிடம் கத்தினார்கள். அதில் ஒரு தாய் கத்தியது மட்டும் பாஷை தெரியாமலே எனக்குப் புரிந்தது. பேர் என்ன, ஆள் எங்கே, இதைத்தான் கேட்டிருப்பாள். பிறகு, உள்ளே யாரும் பிழைக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். டிவியை நானே அணைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து டவுனான ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கூட்டம் நடந்தது. படையிலிருந்து ஓய்வு பெற்ற நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். கடற்படைக்குப் பிள்ளைகளை அனுப்பிய தாய்மார்களுக்கு ஆதரவும் தகவலும் என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். தகவல் என்ற சொல்லைப் பார்த்துத்தான் போனேன். என்னையும் சேர்த்து மூன்று தாய்மார்கள், நாற்பது நாற்காலிகள். பெங்களூரிலிருந்து ஒரு அதிகாரியின் மனைவி வந்திருந்தாள். பட்டுப் புடவை, வாசனை, தமிழ் மாதிரி ஒன்று பேசினாள்.

ஆதரவு முதலில் வந்தது. மனதை வேறு எதிலாவது செலுத்துங்கள் என்றாள். எம்பிராய்டரி போடலாமாம். ரோஜாச் செடி வளர்க்கலாமாம். குடிக்கத் தண்ணீர் பிடிக்கவே குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் ஊரில் எங்களுக்கு ரோஜாச் செடி. கடிதத்தில் சந்தோஷமான செய்திகளை மட்டும் எழுதுங்கள், தாய் அழுதால் பிள்ளை வேலையில் தவறு செய்வான் என்றாள். கப்பலில் ஏதாவது கோளாறு என்றால் அதற்கும் ஊரிகத்தில் ஒருத்தி அழுததுதான் காரணம் போலிருக்கிறது.

பிறகு தகவல் வந்தது. எப்போது போகிறார்கள் என்று கேட்கக் கூடாது. எங்கே போகிறார்கள் என்று கேட்கக் கூடாது. எப்போது வருவார்கள் என்று கேட்கக் கூடாது. அவ்வளவுதான் தகவல். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றாள் கடைசியில், ஒரு சிரிப்போடு.

நான் எழுந்தேன். "எங்க சுரங்கத்துல கீழ இறங்கறவங்க ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன் வெச்சிருப்பாங்க. மேல வந்ததும் அதை போர்டுல மாட்டணும். போர்டைப் பாத்தா யார் இன்னும் கீழ இருக்காங்கன்னு தெரிஞ்சிடும். உங்ககிட்ட அந்த மாதிரி போர்டு எங்க இருக்கு? நான் வந்து பாக்கறேன். எங்க போனான்னு கேக்கல. கீழ இருக்கானா மேல இருக்கானா, அது மட்டும்."

அவள் பக்கத்திலிருந்தவரிடம் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு கன்னத்தில் கை வைத்து, "ஸோ ஸ்வீட்" என்றாள். எனக்கு டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தார்கள். பிஸ்கட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வந்தேன். எங்கள் சுரங்கக் கம்பெனியில் ஆயிரம் அக்கிரமம் உண்டு, ஆனால் வாசல் கேட்டில் நின்று விசாரித்த பெண்ணிடம் ஸ்வீட் என்று சொன்னவன் கிடையாது.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூத்தில் போய் நின்றேன். பூத்துக்காரர் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொள்வார். அவருக்கும் தெரியும்தானே. ஒரு ஞாயிறு மணி அடித்தது. ரிசீவரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அம்மா. நல்லா கீறியா?"

"நீ எங்கடா கீற?"

"வைசாக்லதாம்மா."

"வைசாக்ல எங்க?"

"கப்பல்லதான். வேற எங்க?"

"கப்பல் எங்க கீது? தண்ணிக்கு மேலயா கீழயா?"

பணம் போய்க்கொண்டிருக்கிறதே என்று நான் அவசரப்படவில்லை. நாற்பது பிள்ளைகளில் யார் சாக்பீஸ் எறிந்தது என்று கேட்டுவிட்டு நிற்கிற மாதிரி நின்றேன்.

"அப்பா சொன்னாரா?"

"அவரு சொல்வாரா? ஊரே வந்து உன் பேர்ல கஞ்சி ஊத்திட்டுப் போச்சு. நீ சொல்லு. உன் வாயால சொல்லு."

"கீழதாம்மா" என்றான்.

கோபம் வரும் என்றுதான் அத்தனை நாளும் காத்திருந்தேன். வரவில்லை. பூத்துக்காரர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார், உட்கார்ந்தேன். அதுவரை அவனைத் தேடி எல்லாக் கடலிலும் அலைந்துகொண்டிருந்தேன், இப்போது அவன் ஒரு இடத்தில் இருந்தான். பயமாக இருந்தது. ஆனால் அது என் சொந்த பயம், யாரும் எனக்காக எடுத்து ஒளித்து வைக்காத பயம்.

"மூச்சு விட முடியுதா உள்ள?"

"முடியுதும்மா. டீசல் நாத்தம்தான்."

"தெரியும். துவைச்சவ நான்தானே."

அவன் சிரித்தான். பிறகு குரலை இறக்கி, "அம்மா, இனிமே கொஞ்ச நாளைக்கு போன் வராது. எத்தினி நாளுன்னு கேக்காத" என்றான்.

"கேக்கல."

"அப்பாகிட்ட சொல்லாத. நான் கரையில ஸ்டோர்ல வேலைக்கு மாறிட்டேன்னு நாலு நாளைக்கு முன்னதான் சுரங்க அட்ரஸுக்கு அவருக்கு லெட்டர் போட்டேன். போன லீவுல, உள்ள போனதும் மேல மூடியை எப்படி மூடுவாங்கன்னு அவருக்குச் சொன்னேம்மா. பாதியில எந்திரிச்சிப் போய்ட்டாரு. நான் போய் பாத்தா பைப்படிகிட்ட குந்திகினு அழுதுகினு கீறாரு. அவரு தாங்க மாட்டாரும்மா."

"நான் தாங்குவேனா?"

"நீ தாங்குவ" என்றான். லைன் போய்விட்டது.

ரயில்வே கேட்டிலிருந்து வீடுவரை எனக்கு ஒரே யோசனை. முப்பது வருஷம் கேஜில் இறங்கிய மனுஷன், பைப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். என்னிடம் சொல்ல வாய் வராமல் தண்ணீர்க் குழாயிடம் சொல்லி அழுதிருக்கிறார். நான் பயந்துவிடுவேன் என்றது எல்லாம் சாக்கு, தன் பயத்தை நான் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் காரியம். முன்பு அடுப்பை அணைத்துவிட்டு ஷாஃப்ட் வாசலில் நின்றோமே, அப்போது நாங்கள் அழுததை ஊரே பார்த்தது. நாங்கள் ஒன்றும் செத்துவிடவில்லையே. இப்போது மகனும் அதே சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அப்பனிடம் சொல்லாதே என்று என்னையும் கூட்டுச் சேர்க்கப் பார்க்கிறான். நான் சேர்வதாக இல்லை.

வீட்டில் அவர் அடுப்பில் உலை வைத்திருந்தார். நான் பேசாமலிருந்த நாட்களில் உலை வைக்கக் கற்றுக்கொண்டிருந்தார். அரிசியைக் களைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "போன் வந்துச்சா?"

"வந்துச்சு."

"ஸ்டோர்ல வேலை எப்படிப் போவுதாம்?"

இருந்த கோபத்தையெல்லாம் ஒரு சொல்லில் தீர்த்துக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நல்லா போவுதாம் என்று சொல்லியிருந்தால், எனக்குச் செய்ததை அவருக்குத் திருப்பிச் செய்ததாக ஆகியிருக்கும். அவருக்கு அது வேண்டியதுதான். ஆனால் எனக்கு அந்த வேலை அருவருப்பாக இருந்தது.

"ஸ்டோரும் இல்ல ஒண்ணும் இல்ல. உங்ககிட்ட பொய் சொல்லியிருக்கான். கீழதான் கீறான். இனிமே கொஞ்ச நாளைக்கு போன் வராதாம். எத்தினி நாளுன்னு தெரியாது. தெரிஞ்சிக்குங்க. நானும் தெரிஞ்சிக்கினேன். ரெண்டு பேரும் சேந்து உக்காந்து பயப்படலாம்."

அவர் கை அரிசிப் பாத்திரத்திலேயே நின்றது. தண்ணீர் விளிம்பில் வழிந்து தரையில் ஓடியது. பிறகு கையை உதறிவிட்டு எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராக அடுப்புக்குப் போய், கொதித்துக்கொண்டிருந்த உலைக்குக் கீழே குமிழைத் திருப்பி அணைத்தார். அத்தனை வருஷ சைரன்களிலும் அவர் கீழேதான் இருந்தார். மேலே அடுப்பை எப்படி அணைக்கிறோம் என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் நாங்கள் செய்வது போலவே, குமிழ்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். தோள் குலுங்கியது.

நான் அவர் கையை எடுத்து ஒரு பக்கம் தள்ளினேன். தீக்குச்சியைக் கிழித்து அடுப்பைப் பற்ற வைத்தேன்.

"இது ஒரு ஷிஃப்டுல முடியற கதை இல்ல" என்றேன். "அரிசியைப் போடுங்க."